வீணாகும் ஈரல்

மூளைச் சாவடைந்தோரின் உறுப்புகளைப் பகிர்ந்தளிக்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டு சர்க்கார் 2008-ல் தொடங்கினர். ஆயினும், ‘ஹெபடைடிஸ் சி’ கிருமியுள்ளவரின் ஈரலைக் கிருமியற்ற நோயாளிக்குப் பொருத்தலாகாதென்பதே உலகெங்கும் நெடுநாள் விதியாயிருந்தது. அன்று அது நியாயமே, தக்க மருந்தில்லை. 2013-க்குப்பின் வந்த மாத்திரைகளோ, பெரும்பாலும் 12 வாரங்களில், நூற்றுக்கு 95 பேரைக் குணப்படுத்துகின்றன. அமெரிக்க வைத்தியர்கள் அத்தகைய ஈரலைப் பொருத்தியபின் கிருமியை ஒழித்து வருகிறார்கள். நமது நாட்டிலும் 2018-ல் இம்மருந்துகளை இலவசமாய் அளிக்கும் தேசியத் திட்டம் தொடங்கிற்று.

பதர் கலந்ததென்று நெல்லைக் களத்திலேயே விட்டுவருவாருண்டோ? தூற்றி எடுப்பதன்றோ தஞ்சை உழவர் வழக்கம்! ஈரல் தழும்பேறாது நன்னிலையில் இருக்கவேண்டும்; நோயாளி உண்மையறிந்து சம்மதிக்கவேண்டும்; மருந்து தடையின்றிக் கிடைக்குமென சர்க்கார் உறுதியளிக்கவேண்டும். இம்மூன்றும் அமைந்தும் ஈரலை எறிவது, காத்திருப்பவன் உயிரை எறிவதேயாகும் என்பது நமது அபிப்பிராயம்.