ஓட்டுவதற்கு முன் நிறுத்திப் பாருங்கள்



உங்கள் வீட்டுக் கொட்டிலிலும் பழைய கார் ஒன்று தூசி படிந்து கிடக்கிறதா? "கராஜுக்குக் காசு கொடுக்க வேண்டாம், நானே திருத்துகிறேன்" என்று கணவரோ மகனோ கிளம்பிவிட்டாரா? அப்படியானால் இம்மாதம் நான் பேச வந்தது உங்களோடுதான்.

எங்கள் வாப்பாவின் மொரிஸ் மைனர் 2005ஆம் ஆண்டு முதல் ஓடாமல் கிடந்தது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் என் மூத்த மகனுக்கு அதன் நினைவு வந்தது. பஞ்சிகாவத்தைக்கு நடையாய் நடந்து சாமான்கள் வாங்கினான். சில மாதங்களில் எஞ்சின் உயிர் பெற்றது. வீடே மகிழ்ந்தது.

அன்று மாலையே காரை ஒழுங்கைக்கு எடுத்தான். திருப்பத்தில் பிரேக்கை மிதித்தபோது பெடல் தரையைத் தொட்டது, கார் நிற்கவில்லை. பக்கத்து வீட்டார் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலில் ஏறித்தான் நின்றது. சற்று முன்வரை என் சின்னவள் அந்த மணலில்தான் விளையாடிக்கொண்டிருந்தாள். அல்ஹம்துலில்லாஹ், நான் அவளைக் குளிக்க அழைத்திருந்தேன்.

வாப்பா மகனை ஏசவில்லை. "ஓட வைக்க முந்தி நிக்க வைக்கோணும் மகன்" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகுதான் நானும் விசாரித்து அறிந்துகொண்டேன். பெடலை மிதிக்கும் விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்வது பிரேக் எண்ணெய். இக்காலக் கார்களில் அதற்கு இரண்டு தனிப் பாதைகள் உண்டு. ஒன்று கெட்டாலும் மற்றது கைகொடுக்கும். மொரிஸ் மைனரில் ஒரே பாதைதான். எங்கள் காரில் உக்கிப்போன ஒரு றப்பர் குழாய் வெடித்தது. நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் போனது. அதன் எண்ணெய்ச் சிலிண்டரும் சாரதியின் காலடியில், தரைவிரிப்பின் கீழ் மறைந்திருக்கிறது. ஆகவே பலர் அதைப் பார்ப்பதே இல்லை. நெடுங்காலம் நின்ற கார் என்றால் றப்பர் பாகங்கள் அனைத்தையும் மாற்றி, புது எண்ணெய் விட்ட பின்னரே வீதிக்கு எடுக்க வேண்டும்.

அடுத்தது துரு. இந்தக் காருக்கு லொறிக்கு இருப்பதுபோல் தனிச் சட்டகம் இல்லை. தகரம்தான் அதன் எலும்பு. கதவுக்குக் கீழுள்ள பகுதி உக்கியிருந்தால் பசை பூசிப் பெயின்ற் அடித்து மறைப்பது ஆபத்து. வெட்டி எடுத்துப் புதுத் தகரம் ஒட்ட வேண்டும். அந்த வேலையைத் தெரிந்த பாஸிடமே கொடுங்கள்.

இளைஞர்களுக்கு இன்னோர் ஆசையும் உண்டு: பழைய உடம்புக்குள் புதிய ஜப்பான் எஞ்சின். மொரிஸ் மைனரின் கடைசி எஞ்சின் 1098 சீசீ, 48 குதிரைவலுதான். அதைப்போல் இருமடங்கு வலுவைப் பூட்டினால் பிரேக், ஸ்பிரிங், அச்சு யாவும் அதற்கேற்ப மாற வேண்டாமா? எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திற்கும் காப்புறுதி நிறுவனத்திற்கும் அறிவிக்கவும் வேண்டும்.

இனி நம் பங்கு என்ன?

பழைய பிரேக் கட்டைகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். அஸ்பெஸ்டஸ் தூசி நுரையீரலைக் கெடுக்கும். ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே தூசியை ஊதவோ கூட்டவோ விடாதீர்கள். ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பெயின்றைத் தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும். வேலை உடுப்பை வாசலிலேயே கழற்றச் சொல்லுங்கள். அதைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துக் கழுவாதீர்கள்.

பெற்றோல், பற்றரி அசிட், பிரேக் எண்ணெய் எதையும் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்க இடம் கொடாதீர்கள். தாகத்தோடு ஓடி வரும் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. வெறும் ஜாக்கில் நிற்கும் காரின் கீழ் யாரையும் நுழைய விடாதீர்கள். உறுதியான தாங்கி வைத்த பின்னரே கீழே போகலாம்.

"இது ஆம்பிளைகள்ட வேலை, உங்களுக்கு என்ன தெரியும்?" என்பார்கள். சொல்லட்டும். அந்தக் காரில் ஏறப்போவது நம் பிள்ளைகள் அல்லவா? ஒன்று மட்டும் கேளுங்கள்: பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். அது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், அன்று கார் வாசலைத் தாண்டக் கூடாது.

எங்கள் கார் மீண்டும் வீதிக்கு வர மேலும் எட்டு மாதங்கள் சென்றன. வாப்பா முன் ஆசனத்தில் அமர்ந்தார். ஒழுங்கை முனையில் மகன் பிரேக்கை மிதித்தான். கார் நின்றது. வாப்பா சிரித்தார். "இப்ப புள்ளைகளையும் ஏத்து" என்றார்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.