சாமி வந்து ஆடுபவரை வீடியோ எடுக்கலாமா? தீமிதி முதல் கூவாகம் வரை தொடரும் கேள்வி

சேத்தியாத்தோப்பு, புவனகிரி, சிதம்பரம் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் தீமிதி என்றால் ஊரே திரளும். இப்போது கூட்டத்துக்கு மேலே செல்போன்களும் திரளுகின்றன. கரகம் தூக்கி வருபவர் மீது அருள் இறங்கினால், அவர் தீக்குண்டத்தை அடைவதற்குள் அது ரீல்ஸ் ஆகிவிடுகிறது. ‘எடுக்கலாமா?’ என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்லும் நிலையில் அவர் இல்லை.

முன்பும் எடுத்தார்களே, இப்ப என்ன புதுசு?

அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல், செஞ்சி அருகே மேலச்சேரியை மையமாக வைத்துத் திரௌபதி வழிபாட்டைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவரது ‘லேடி ஆஃப் ஜின்ஜீ’ ஆவணப்படம் 1988-ல் வந்தது. அதே ஆண்டிலும் 1991-லும் இரண்டு பெரிய நூல்கள் வெளியாகின.

அப்படிப்பட்ட படங்களைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் வகுப்பறையில் இருந்தவர்கள். காப்புக் கட்டு, பாரதப் பிரசங்கம், இரவுக் கூத்து, கடைசியில் தீமிதி என்ற வரிசை அவர்களுக்கு விளக்கப்பட்டது. 30 விநாடி ரீல்ஸில் அந்த வரிசை இல்லை. நாள் கணக்கில் விரதம் இருந்தவர் அதில் வெறும் ‘ஆடுற ஆள்’. கீழே சிரிப்பு எமோஜிகள்.

ஹைட்டியில் என்ன நடந்தது?

உலகில் இந்தக் கேள்வியோடு பலமாக மோதியவர்களில் ஒருவர் அமெரிக்கத் திரைப்படக் கலைஞர் மாயா டெரன். கரீபியன் நாடான ஹைட்டியில், ஆப்பிரிக்க வம்சாவளி மக்களின் வோடூ சடங்குகளைப் படமாக்க 1947-ல் போனார். அங்கே அருள் வந்தவரை ‘குதிரை’ என்பார்கள். தெய்வம் அவர் மீது ஏறிச் சவாரி செய்கிறது. நடந்தது எதுவும் பிறகு அவருக்கு நினைவிருக்காது என்பது நம்பிக்கை. ‘எனக்கு ஒண்ணும் தெரியாது, ஆத்தாதான் ஆடினா’ என்று நம்மூரில் சொல்வதும் இதைத்தான்.

டெரன் முதலில் நினைத்தது நடனத்தை மையமாக வைத்த ஒரு படம். சடங்கிலிருந்து நடனத்தை மட்டும் பிய்த்தெடுக்க முடியாது என்று பிறகு உணர்ந்தார். படம் முடியவில்லை, 1953-ல் புத்தகம்தான் வந்தது. 1961-ல் அவர் இறந்தார். அவர் எடுத்த காட்சிகளை மற்றவர்கள் தொகுத்து, 1985-ல் ‘டிவைன் ஹார்ஸ்மென்’ என்ற படமாக வெளியிட்டார்கள். எடுத்தவரே முடிக்காமல் விட்ட படமும் ஒருநாள் திரைக்கு வந்துவிடும்.

கூவாகத்தில் ஏன் சிக்கல் கூடுகிறது?

கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்திலும், சிதம்பரம் அருகே கொத்தட்டையிலும் கூத்தாண்டவர் விழாவில் திருநங்கைகள் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். களப்பலிக்குப் பிறகு தாலி அறுத்து, வளையல் உடைத்து அழுகிறார்கள். அந்த அழுகையைச் சுற்றித்தான் கேமராக்கள் நெருக்குகின்றன. வீட்டில் சொல்லாமல் வந்தவர், வேலையிடத்தில் தன் அடையாளத்தை வெளிக்காட்டாதவர் அதில் இருக்கலாம். ஒரு வைரல் வீடியோ அவரது வேலையையும் வாடகை வீட்டையும் காலி செய்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நேரடிப் பதில் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு, அந்தரங்க உறுப்புகளை அனுமதியின்றிப் படமெடுப்பதைத்தான் தடுக்கிறது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலை முன்வைக்கிறது. ஆனால் தனிநபரின் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு அது பொருந்தாது. விளம்பரக் காசு பார்க்கும் சேனல் அதே விலக்கைக் கேட்க முடியுமா என்பது தனிக் கேள்வி. கோயில்களுக்குள் செல்போனைத் தடைசெய்ய 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஆனால் தீமிதியும் தேரும் பெரும்பாலும் திறந்தவெளியில்.

பாதிக்கப்பட்டவருக்குப் பிடிமானம், அந்தரங்க உரிமை பற்றி 2017-ல் உச்ச நீதிமன்றம் அளித்த புட்டசாமி தீர்ப்பு. பொது இடத்தில் நிற்பதாலேயே ஒருவர் தன் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை என்ற கருத்து அதில் இருக்கிறது.

அப்ப எடுக்கவே கூடாதா?

அப்படியில்லை. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்ப்பவருக்குச் சொந்த ஊர் தீமிதி தெரிவது இந்த வீடியோக்களில்தான். மூத்த கூத்துக் கலைஞரின் அடவு அடுத்த தலைமுறைக்குக் கிடைப்பதும் பதிவால்தான்.

அருள் வந்தவரிடம் அந்த நேரத்தில் கேட்க முடியாது. ஆனால் காப்புக் கட்டும் நாளில் கேட்கலாம். விழா முடிந்து, அவர் இயல்புக்கு வந்த பிறகு எடுத்ததைப் போட்டுக் காட்டி, ‘இதைப் போடலாமா?’ என்று மறுபடி கேட்கலாம். ‘வேணாம்’ என்றால் அழித்துவிடலாம். திருநங்கைகளைப் பற்றி 2007-ல் அஞ்சலி மோன்டேரோவும் கே.பி. ஜெயசங்கரும் எடுத்த ‘அவர் ஃபேமிலி’ இன்னொரு வழியைக் காட்டியது: விழாக் கூட்டத்தில் முகம் தேடாமல், மூன்று தலைமுறைத் திருநங்கைகளின் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசியது.

இந்தக் கோடையில் தீமிதிக்குப் போகிறவர்களிடம் ஊர்க்காரர்கள் கேட்கப்போவதும் அதிகமில்லை: வீடியோவை அப்லோட் செய்வதற்கு முன், ஆடியவர் தூங்கி எழுந்திரிக்கும் வரை பொறுங்கள்.