ஆசிரியர் மேற்கே, மாணவர் கிழக்கே

குறுமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே மட்டக்களப்பு வாவியில் ஓடும் இயந்திரப் பாதையைப் பாடசாலை நாளொன்றின் காலைப் பொழுதில் கவனித்தால் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் கல்வி நிலை விளங்கிவிடும். குறுமண்வெளித் துறையில் மோட்டார் சைக்கிள்களோடு ஏறி மேற்கே போகிறவர்களில் பலர் ஆசிரியர்கள். அவர்கள் அக்கரையில் இறங்க, கழுத்தில் டையும் தோளில் புத்தகப் பையுமாகக் காத்து நிற்கும் உயர்தர மாணவர்கள் அதே பாதையில் ஏறிக் கிழக்கே வருகிறார்கள். கற்பிக்கிறவர் அங்கே போக, கற்கிறவர் இங்கே வர, இருவரும் துறையில் வணக்கம் சொல்லி விலகுகிறார்கள். ஒரு பிள்ளை தன் ஊர்ப் பாடசாலையை விட்டு விருப்பத்தோடு வாவியைக் கடந்தால் அதில் யாரும் தலையிட வேண்டியதில்லை. இணைந்த கணிதமோ உயிரியலோ படிக்க வேறு வழியில்லாமல் கடக்க நேர்ந்தால் அதற்கு அரசுதான் பதில் சொல்ல வேண்டும். படுவான்கரையின் ஒவ்வொரு கல்விக் கோட்டத்திலும் குறைந்தது ஒரு பாடசாலையிலாவது உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் முழு ஆசிரியர் அணியோடு நடக்க வேண்டும். அது நடக்கும்வரை புதிய கட்டடத்துக்கும் புதிய பெயர்ப் பலகைக்கும் ஒரு சதமும் ஒதுக்கக் கூடாது என்பதே நமது நிலைப்பாடு.

இந்த இடைவெளி நேற்று விழுந்ததல்ல. மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814 இலும், வின்சன்ட் மகளிர் பாடசாலை 1820 இலும், புனித மிக்கேல் கல்லூரி 1873 இலும், கல்லடி உப்போடையில் சிவானந்தா 1929 இலும் தொடங்கின. எல்லாம் மட்டக்களப்பு நகரின் புளியந்தீவிலும் கடலோரக் கரையிலும். வயலும் மாடும் குளமுமாக இருந்த மேற்குக் கரைக்குத் திண்ணைப் பள்ளியும் சிறு பாடசாலையுமே நெடுங்காலம் வாய்த்தன. பின்னர் போர் வந்தது. 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி அரச கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்தது. வவுணதீவுச் சோதனைச்சாவடியைத் தாண்டிப் போய்வர வேண்டிய பாடசாலைக்கு யார் விரும்பிப் போவார்கள்? போர் முடிந்த பிறகு கல்வி வலயம் பிரிக்கப்பட்டது, வீதி வந்தது, 2014 இல் ஜப்பானிய உதவியோடு மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. பாலம் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் அதனால் வந்த ஒரு விளைவைச் சொல்லியாக வேண்டும். முன்பு ஊரில் அறையெடுத்துத் தங்கிய ஆசிரியர் இப்போது ஒன்றரை மணிக்கு மணி அடித்ததும் பாலம் தாண்டி வீடு திரும்பிவிடலாம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளையும் அதே பாலத்தால் ஊர்ப் பாடசாலையை விட்டுப் போய்விடலாம். எஞ்சுகிறவர்கள் பஸ் கட்டணத்துக்கே யோசிக்கும் வீட்டுப் பிள்ளைகள்.

அந்தப் பிள்ளைகள் சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்தாலும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். படுவான்கரையில் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் நடக்கும் பாடசாலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எனவே கணிதத்தில் 'ஏ' எடுத்த பிள்ளையும், ஊரிலேயே இருக்க வேண்டுமானால், கலைப் பிரிவில்தான் சேர வேண்டும். திறமை இருந்தால் கலைப்பீடம் போய்ப் பட்டம் பெற்றுத் திரும்பும். அப்படித் திரும்பியவர்களைத்தான் 2017 இல் மட்டக்களப்பு நகரில் வேலை கேட்டு மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்த பட்டதாரிகள் நடுவில் கண்டோம். அரசு இடையிடையே நியமனம் வழங்கும்போது அவர்களில் ஒரு பகுதியினர் ஆசிரியர்களாகித் தம் ஊர்ப் பாடசாலைகளுக்கே வருகிறார்கள். வந்து கற்பிப்பதும் கலைப் பாடங்களே. ஊருக்குள்ளிருந்து ஒரு பௌதிகவியல் ஆசிரியர் உருவாக வேண்டுமானால் முதலில் ஊருக்குள் பௌதிகவியல் வகுப்பு ஒன்று நடக்க வேண்டும். அது நடக்காததால் அவர் என்றைக்கும் வெளியிலிருந்தே வர வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து வருகிறவர் இடமாற்றத்துக்கு நாள் எண்ணுகிறார். ஒரு தலைமுறையாக இந்தச் சக்கரம் சுழல்கிறது. அதைத் தானாக நிற்கும் என்று விட்டால் நிற்காது; வெளியிலிருந்து ஒருமுறை பலமாகப் பிடித்து நிறுத்தத்தான் வேண்டும்.

பின்தங்கிய பிரதேசங்களுக்கென்று மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறதே என்று கேட்பார்கள். மருத்துவம், பொறியியல் போன்ற கற்கைநெறிகளுக்கான பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் தகுதி வரிசையிலும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படியும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. மட்டக்களப்பும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. ஏற்பாடு நியாயமானதுதான். ஆனால் அது மாவட்டத்தை ஒரே அலகாக எடுத்துக்கொள்கிறது. மாவட்டத்தின் நடுவே கிடக்கும் வாவி அதன் கணக்கில் இல்லை. நகரத்தின் தேசியப் பாடசாலையில் நான்கு பாடங்களுக்கும் ஆசிரியர் வைத்து, மாலையில் ரியூசனும் சனிக்கிழமை பேப்பர் கிளாஸும் போகிற மாணவருக்கும், ஆயித்தியமலையிலிருந்து பஸ் பிடித்து வருகிறவருக்கும் இசட் வெட்டுப்புள்ளி ஒன்றே. படுவான்கரையின் வறுமையையும் சேர்த்துக் காட்டித்தான் மட்டக்களப்பு பின்தங்கிய மாவட்டமாக நிற்கிறது. அதனால் கிடைக்கும் இடங்களோ விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைகளுக்கே போகும், ஏனென்றால் மற்றப் பாடசாலைகளிலிருந்து போட்டியிடவே ஆளில்லை. கலைப்பீட அனுமதியோ அகில இலங்கைத் தகுதி வரிசையில் நடக்கிறது. ஆக, கலை படித்த கிராமத்துப் பிள்ளைக்கு மாவட்ட ஒதுக்கீட்டின் நிழல்கூட இல்லை. நகரம் குடிக்கும் குழாய்த் தண்ணீர் படுவான்கரையின் உன்னிச்சைக் குளத்திலிருந்து வருகிறது. நகரத்துச் சந்தையின் நெல்லும் தயிரும் அந்தப் பக்கத்தவை. அந்த ஊர்களின் பெயரால் கிடைத்த மருத்துவபீட இடத்தையும் நகரமே எடுத்துக்கொள்வது முறையா?

பெறுபேற்றுப் பட்டியலில் வராத இழப்பு ஒன்றும் இருக்கிறது. பதினோராம் ஆண்டோடு கெட்டிக்காரப் பிள்ளைகள் விடுகைப் பத்திரம் வாங்கிக்கொண்டு போய்விட்டால் பாடசாலை தன் மூத்த பிள்ளைகளை இழக்கிறது. இல்ல விளையாட்டுப் போட்டிக்குக் கொட்டகை போடும் அண்ணாமார், வாணி விழாவுக்குக் கும்பம் வைத்து, சின்ன வகுப்புகளுக்கு நடனம் பழக்கும் அக்காமார், தமிழ்த் தினப் போட்டிக்கு விவாத அணி சேர்க்கும் மாணவத் தலைவர் ஆகிய இவர்களெல்லாம் உயர்தர வகுப்பிலிருந்து வருகிறவர்கள். ஏழாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று இடைவேளையில் ஆய்வுகூட யன்னலால் எட்டிப் பார்த்து, தன் பக்கத்து வீட்டு அக்கா அளவியிலிருந்து விழுந்து நிறமாற்றம் தரும் துளிக்காக மூச்சைப் பிடித்து நிற்பதைக் காண்கிறது என்று வையுங்கள். அந்த ஒரு பார்வை செய்வதை எந்த வழிகாட்டல் கருத்தரங்கும் செய்யாது. மறுபக்கம், நகரத்துக்குப் போன பிள்ளை உறவினர் வீட்டு மண்டபத்தில் பாய் விரித்துப் படுக்கிறது. அல்லது விடியுமுன் எழுந்து பஸ்ஸும் பாதையும் மாறிப் பயணம் செய்கிறது. விளையாட்டுப் பயிற்சிக்கு நின்றால் கடைசி பஸ் போய்விடும். அந்தப் பயணம் வெறும் அலுப்பு மட்டுமல்ல. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உயிரிழந்ததைக் கிழக்கு மாகாணம் மறக்கவில்லை. உயர்தரப் பரீட்சையும் இப்போது நவம்பர் மாரியில் வருகிறது. 2024 இல் வெள்ளத்தால் பரீட்சையையே சில நாட்கள் நிறுத்த வேண்டி வந்தது. வெள்ளம் வடிய முன் வீதிக்கு வர முடியாத ஊர்கள் எந்தக் கரையில் இருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும்.

கலைப் பிரிவை நாம் தாழ்த்துவதாக யாராவது நினைத்தால் அது பிழை. வரலாறும் தமிழும் புவியியலும் விரும்பிப் படிக்கிற பிள்ளை இந்த மண்ணின் சொத்து. நாம் கேள்வி எழுப்புவது தெரிவு இல்லாத கலைப் பிரிவைப் பற்றி மட்டுமே. காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலாநந்த அடிகள் யாழ்ப்பாணத்தில் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தவர். 1920 இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவரும் அவர்தான். 1947 இல் வெளிவந்த யாழ் நூலில் பழந்தமிழ் இசையின் சுருதிகளைக் கணிதத்தால் அளந்து காட்ட முடிந்தது அந்த இரண்டு கல்வியும் ஒருவரிடம் சேர்ந்திருந்ததால். அவரை ஆண்டுதோறும் மாலை போட்டு நினைவுகூரும் மாவட்டத்தில், ஒரு பிள்ளை எதைப் படிப்பது என்பதை அதன் வீடு எந்தக் கரையில் இருக்கிறது என்பது தீர்மானிக்கலாமா?

எட்டுப் பிள்ளைகளுக்காக நான்கு விசேட ஆசிரியர்களா, அது பணவிரயமல்லவா என்ற கேள்வியை நிர்வாகம் கேட்கிறது. இதுவே கனமான ஆட்சேபம், தட்டிக்கழிக்க முடியாது. ஊருக்கு ஒரு விஞ்ஞானப் பிரிவு நாம் கேட்கவில்லை. கோட்டத்துக்கு ஒன்று கேட்கிறோம். சுற்றியுள்ள பாடசாலைகளின் பிள்ளைகள் அங்கே சேருவார்கள். தொகை குறைவு என்பதும் அரைவாசி உண்மைதான். ஆசிரியர் இல்லை என்பதால் பிள்ளைகள் போய்விட்டார்கள். பிள்ளைகள் இல்லை என்பதால் ஆசிரியரை அனுப்பவில்லை. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் வகுப்பு சிறிதாகவே இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கல்வி அமைச்சர் கன்னங்கரா 1940களில் மத்திய பாடசாலைகளை நாட்டுப்புறங்களில் நிறுவியபோதும் இதே கணக்குத்தான் எதிரே நின்றது. கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளைக்கு நகரத்துக்கு நிகரான பாடசாலையைக் கிராமத்திலேயே, விடுதியோடு, தர வேண்டும் என்பது அவரது பதில். அப்படி உருவான வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தின் வளவில்தான் 1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. ஒரு கிராமத்தில் துணிந்து செய்த முதலீடு நாற்பதாண்டில் எங்கே போய் நின்றது என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. அந்தத் துணிவுக்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் பெயர்கள். 2016 இல் 'அண்மையில் உள்ள பாடசாலை சிறந்த பாடசாலை' என்றார்கள். 2021 இல் ஆயிரம் தேசியப் பாடசாலைகள் என்றார்கள். பலகை மாறிய இடத்தில் இரசாயனவியல் ஆசிரியர் இல்லையென்றால் ஆய்வுகூடம் பூட்டிய அறைதான்.

ஆசிரியர்களின் பக்கத்தையும் கேட்க வேண்டும். பட்டிருப்பிலோ கல்லடியிலோ குடும்பத்தை வைத்துக்கொண்டு, சொந்தப் பெற்றோலில் கரடியனாறுக்கும் வெல்லாவெளிக்கும் போய்வருகிறவரைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. மழையிலும் யானைப் பயத்திலும் போய்வருகிற நல்லாசிரியர்கள் அங்கே இருக்கிறார்கள்; அவர்களால்தான் இன்றுள்ளதும் இருக்கிறது. கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவு அவர்களின் எரிபொருளுக்கே போதாது. எனவே கட்டளையால் மட்டும் இதைச் செய்ய முடியாது. தெரிவுசெய்த பாடசாலைகளில் குடும்பத்தோடு தங்கக்கூடிய ஆசிரியர் விடுதி, ஐந்தாண்டு சேவை முடித்தவருக்கு விரும்பிய பாடசாலைக்கு உறுதியான இடமாற்றம், அந்தச் சேவைக்குப் பதவி உயர்வில் புள்ளி ஆகியவை வேண்டும். விடுதியில் தங்கும் ஆசிரியர்தான் மூன்று மணிக்கும் ஒரு கணக்கை விளங்கப்படுத்துவார். ரியூசனுக்குப் பணமில்லாத பிள்ளைக்கு அந்த மூன்று மணியே ரியூசன். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. அது 'இணைப்பு'. படுவான்கரைப் பாடசாலையின் ஆளணியில் பெயரும் சம்பளமும், நகரத்துப் பாடசாலையில் கற்பித்தலும் என்ற அந்த ஏற்பாடு, வெற்றிடத்தைக் காகிதத்தில் நிரப்பி வகுப்பில் திறந்து விடுகிறது. சுகவீனம் போன்ற தக்க காரணம் உள்ளவருக்கு இடமாற்றமே கொடுத்து, அவரிடத்துக்கு வேறொருவரை அனுப்பட்டும். 2017 இல் பதவிக்காலம் முடிந்த கிழக்கு மாகாண சபைக்கு இன்னும் தேர்தல் நடக்காததால் இதைச் சபையில் எழுந்து கேட்க மக்கள் தெரிவுசெய்த பிரதிநிதி ஒருவரும் இல்லை. அதனால் ஆளுநரிடமும் கல்விச் செயலாளரிடமும் நேரடியாகவே கேட்கிறோம்.

சூமில் படிப்பிக்கலாமே என்கிறவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. கொவிட் காலத்தில் சிக்னல் தேடி மரத்திலும் குளக்கட்டிலும் ஏறிய பிள்ளைகளை நாடே படத்தில் பார்த்தது. திரையால் ஒரு வகுப்புக்குத் துணை செய்யலாம். அளவியைக் கையில் பிடிக்கப் பழக்க முடியாது.

அடுத்த ஆண்டு இடமாற்றப் பட்டியல் தயாராகும்போது மட்டக்களப்பு மேற்கு, பட்டிருப்பு, கல்குடா வலயங்கள் ஒரு காரியம் செய்யட்டும். ஒவ்வொரு உயர்தரப் பாடசாலையின் பெயருக்கும் நேரே, பாடவாரியாக மூன்று எண்களை அலுவலகச் சுவரில் ஒட்டட்டும்: அனுமதித்த ஆளணி எத்தனை, சம்பளப் பட்டியலில் உள்ளவர் எத்தனை, வகுப்பில் உண்மையில் கற்பிக்கிறவர் எத்தனை. அதைப் பெற்றோரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் போய்ப் பார்த்து எழுதிக்கொள்ளட்டும். சாதாரண தரப் பெறுபேறு வந்து புதிய உயர்தர வகுப்புகள் தொடங்குமுன், அந்த மூன்று எண்களும் ஒன்றாக வேண்டிய முதல் பாடசாலைகளின் பெயரைச் செயலாளர் அறிவிக்க வேண்டும்.