தனித்தாயரும் துணைக்குழுக்களும்

கணவனை இழந்தோ, கணவனாற் கைவிடப்பட்டோ, மணமின்றியோ, குழந்தையைத் தனித்து வளர்க்கும் தாயர் நம் ஊர்தோறும் உளர். அன்னார்க்கு வேண்டுவது யாதெனின், இரக்கம் என்பர் பலர். பொருள் என்பர் சிலர். இவ்விரண்டினும் இன்றியமையாதது ஒன்றுண்டு. அஃது அன்னாரே கூடியமைக்கும் துணைக்குழு என்பது எமது கருத்து.

பண்டிதை இரமாபாய் 1882-ஆம் ஆண்டிற் கணவனை இழந்தபோது கைக்குழந்தையோடு தனித்து நின்றார். அவர் 1889-இல் பம்பாயில் நிறுவிய சாரதா சதனம் கைம்பெண்டிர்க்கு உறையுளும் கல்வியும் அளித்தது. துன்பத்தைத் தாமே உற்றறிந்தவர் பிறர்க்கு வழிகாட்டினார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

நம் மாநிலத்தில் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பெற்றன. பெண்டிர் சிலர் ஒருங்கு கூடிச் சிறுதொகை சேமித்துத் தமக்குள்ளேயே கடன் வழங்குவது அவற்றின் முறை. அங்ஙனம் கூடும் வட்டம் தனித்தாயர்க்குக் கடனினும் மிக்க பயனைத் தரவல்லது. கணவன் இறந்தவளுக்கு இறப்புச் சான்று உண்டு; அவன் விட்டு நீங்கினானெனின், அதனை மெய்ப்பிக்கும் சுமை அவள் தலைமேலதே. கைவிடப்பட்டோர் சான்றிதழ் பெற அலுவலகம் செல்பவளுக்கு, முன்னரே சென்று மீண்ட ஒருத்தி உடன்வருவாளாயின், நா எழும். மணமாகாத தாய், தந்தையின் பெயரை வெளியிடாமலே தன் குழந்தைக்குக் காப்பாளராதற்கு விண்ணப்பிக்கலாம் என 2015-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை அறியாதவள் தந்தையின் பெயர் கேட்கப்படுமிடத்துத் தலைகுனிகின்றாள். அறிந்த தோழியை உடையவள் நிமிர்ந்து நிற்கின்றாள்.

இத்தகைய குழுக்கள் குடும்பம் சிதைதற்கு ஊக்கம் தரும் எனக் கூறுவாரும் உளர். மருத்துவமனை கட்டுவதால் நோய் பெருகும் என்பது போலும் இக்கூற்று! உறவினர் இலரோ எனின், உளர். ஆயின் அவர் இடும் சோற்றோடு பழிச்சொல்லும் பரிமாறப்படுதல் பலரும் அறிந்ததே. ஒத்த துன்பமுடையார் நடுவில் ஒருவரை ஒருவர் பழித்தற்கு இடம் ஏது?

மாணவ நண்பர்காள்! அக்குழுக்களை நடத்த நாம் முற்படல் வேண்டா, அவை அவர்களுடையன. அவர் கூடுங்கால் அவர்தம் குழந்தைகட்குப் பாடஞ் சொல்லுதலும், விண்ணப்பம் எழுதித் தருதலும் நம்மால் இயல்வன. வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை நாம் ஈவோமாயின், தன் குறையைத் தடையின்றிச் சொல்லவும், தன்போல்வாள் ஒருத்தியின் குறையைக் கேட்கவும் ஒரு தாய்க்கு நேரம் வாய்க்கும்.