அமெரிக்கக் காரா, கொரியாக் காரா? ஸ்பேர் எங்கே என்று முதலில் கேளுங்கள்!

அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையம் பக்கத்து டீக்கடை. மாலை ஆறு மணி. ஆபீஸ் விட்டு வந்தவர்கள் கையில் டீ கிளாஸ். வாயில் ஒரே பேச்சு. கார்!

"என்ன சார், ரிட்டையர் ஆன பணம் வந்துட்டுதாமே? என்ன வண்டி எடுக்கப் போறீங்க?"

"பையன் அமெரிக்கக் கம்பெனி வண்டிதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான்ப்பா. செகண்ட் ஹேண்டுல நாலு லட்சத்துக்கு வருதாம். கதவைச் சாத்தினா பீரோ மாதிரி 'டப்'புனு சத்தம். மாப்பிள்ளை என்னடான்னா, கொரியா வண்டியே எடுங்க மாமாங்கிறார். எதைத்தான் எடுக்கிறது?"

கேட்டவர் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். கையில் இருப்பது உழைத்துச் சேர்த்த காசு. போனால் திரும்பி வராது.

இது அவர் ஒருவருடைய கவலை மட்டும் அல்ல. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது. அன்றிலிருந்து ஆவடி, பூந்தமல்லி, திருமுல்லைவாயல் பக்கத்து வீடுகளில் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள்.

கணக்குப் போடட்டும். ஆனால் கேள்விதான் தப்பு! எந்த நாட்டுக் கார் என்பதா பெரிது? பத்து வருஷம் கழித்து அந்தக் காருக்கு ஸ்பேர் கிடைக்குமா என்பதல்லவா பெரிது!

வந்தார்கள், போனார்கள்!

அமெரிக்கக் கார் இந்த நாட்டுக்குப் புதுசு அல்ல. 1926-லேயே ஃபோர்டு இங்கே கம்பெனி தொடங்கிவிட்டது. 1928-ல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் கார்களைப் பூட்ட ஆரம்பித்தது. பாகங்கள் கப்பலில் வரும். இங்கே பூட்டி விற்பார்கள். ஜமீன்தார்களும் டாக்டர்களும் அந்த வண்டிகளில்தான் போனார்கள்.

நாடு விடுதலை பெற்றது. 1953-ல் தீர்வைக் கமிஷன் ஒரே போடாகப் போட்டது. 'பூட்டி விற்றால் மட்டும் போதாது. இங்கேயே தயாரிக்கத் திட்டம் உண்டா? இல்லையென்றால் மூட்டை கட்டலாம்.' இரண்டு கம்பெனிகளும் மூட்டை கட்டின. அப்புறம் சுமார் முப்பது வருஷம் அம்பாசிடரும் பியட்டும் ஸ்டாண்டர்டும்தான்.

1995-ல் ஃபோர்டு மறுபடி வந்தது. மறைமலைநகரில் தொழிற்சாலை எழும்பியது. 1999-ல் 'ஐகான்' கார் வந்தபோது ஊரே திரும்பிப் பார்த்தது. ஜெனரல் மோட்டார்ஸும் திரும்பி வந்து 'செவ்ரோலே' கார்களை விற்றது.

பிறகு நடந்தது என்ன?

2017 முடிவோடு செவ்ரோலே விற்பனை நின்றது. 2021 செப்டம்பர் 9-ந் தேதி ஃபோர்டு கை விரித்தது. பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று காரணம் சொன்னது. சுமார் 4 ஆயிரம் தொழிலாளர்கள் தலையில் இடி விழுந்தது. 2022 ஜூலையில் மறைமலைநகரிலிருந்து கடைசிக் கார் வெளியே வந்தது. ஆக, இரண்டு தடவை வந்தார்கள். இரண்டு தடவையும் போனார்கள்!

ஜப்பான் மட்டும் யோக்கியமா?

'அப்படியானால் ஜப்பான், கொரியா வண்டிதான் நல்லது' என்று அவசரப்பட வேண்டாம்.

ஆவடியைத் தாண்டித் திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் ஜப்பானின் மிட்சுபிஷி 'லான்சர்' தயாரானது. 1998-ல் அந்தக் காருக்கு என்ன மவுசு! இன்று எந்த ஷோரூமிலும் அது இல்லை. ஒரகடத்தில் தயாரான 'டாட்சன்' கார்களும் ஜப்பான் கம்பெனியுடையவைதான். 2014-ல் வந்தன. 2022-ல் கடையைக் கட்டின.

கொரியாவின் ஹூண்டாய் 1996-ல் வந்தது. 1998-ல் பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 'சான்ட்ரோ'வை இறக்கியது. இன்றும் இருக்கிறது. புனேக்குப் பக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் விட்டுப் போன தொழிற்சாலையை வாங்கிக்கொண்டதும் ஹூண்டாய்தான்!

தங்குகிறவன் தங்குகிறான். ஓடுகிறவன் ஓடுகிறான். இதில் நாடு பார்த்துப் பயன் இல்லை.

எதுதான் வெளிநாட்டுக் கார்?

இன்னொரு வேடிக்கை கேளுங்கள்.

அமெரிக்காவில் 2018 முதல் சில வருஷம் ஃபோர்டு 'ஈகோஸ்போர்ட்' கார் விற்றது. 'நம்ம ஊர் கம்பெனி வண்டி' என்று அமெரிக்காக்காரர் பெருமையோடு வாங்கினார். அது எங்கிருந்து போனது? மறைமலைநகரிலிருந்து! அவருக்கு அது இறக்குமதிக் கார். நமக்கு அது உள்ளூர்ச் சரக்கு.

இதோ மறுபக்கம். 2025 ஜூலையில் அமெரிக்க டெஸ்லா பம்பாயில் ஷோரூம் திறந்தது. காட்டிய கார் சீனாவின் ஷாங்காயிலிருந்து கப்பலில் வந்தது! அமெரிக்காவில் சுமார் 45 ஆயிரம் டாலர், அதாவது நாற்பது லட்சத்துக்கும் கீழே. இங்கே அப்போது ஆரம்ப விலையே 59 லட்சத்து 89 ஆயிரம். மிச்சத்தில் பெரும் பங்கு சுங்க வரி.

பேர் அமெரிக்கா, பிறப்பு சீனா, வரி இந்தியா. இதற்கு எந்த நாட்டுக் கொடியைக் குத்துவது?

'டப்' சத்தம் உயிரைக் காக்குமா?

'அமெரிக்க வண்டி கெட்டி' என்று ஒரு பேச்சு உண்டு. கதவுச் சத்தத்தை வைத்துச் சொல்வது அது.

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து கார்களைச் சுவரில் மோதவிட்டுச் சோதித்தது. மாருதி ஆல்ட்டோ, டாட்டா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு பிகோ, ஜெர்மனியின் போலோ. எல்லாம் காற்றுப்பை இல்லாத அடிப்படை மாடல்கள். பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்துக்கும் கிடைத்த நட்சத்திரம் எத்தனை தெரியுமா? பூஜ்யம்!

நாட்டுக்கு நாடு வித்தியாசமே இல்லை. 2023 அக்டோபர் முதல் நம் நாட்டிலேயே 'பாரத் என்கேப்' சோதனை இருக்கிறது. கதவைத் தட்டிப் பார்ப்பதை விட, எத்தனை நட்சத்திரம் என்று கேட்பது புத்திசாலித்தனம்.

மெக்கானிக் சொல்வதைக் கேளுங்கள்

பாடியில் பிரேக், ஸ்டார்ட்டர் மோட்டார், சக்கரம் எல்லாம் 1960-களிலிருந்து தயாராகின்றன. 1964-ல் வந்த அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டறைகள். கார் கம்பெனிகளுக்குச் சாமான் செய்து பிழைக்கிற குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் எத்தனையோ. ஒரு கார் கம்பெனி போனால் ஷோரூம் மட்டும் மூடுவதில்லை. ஆர்டர் நின்று, லேத் நின்று, சம்பளம் நிற்கிறது.

கார் வைத்திருப்பவர் பாடு வேறு. பூந்தமல்லி மளிகைக் கடைக்காரர் ஒருவரின் வண்டி முன்விளக்கு உடைந்தது. கம்பெனி கடையைக் கட்டிப் பல வருஷம். எந்தக் கம்பெனி என்பது முக்கியம் இல்லை.

"இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னாங்கண்ணே. புதுப்பேட்டையில நாலு நாள் அலைஞ்சேன். கடைசியில பழைய விளக்குதான் கிடைச்சுது. அதுக்குள்ள ஒரு மாசம் வண்டி ஷெட்டுலயே கெடந்துது" என்கிறார்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஃபோர்டு போகும்போது சர்வீசும் ஸ்பேரும் தொடரும் என்று வாக்குக் கொடுத்தது. சர்வீஸ் நடக்கவும் செய்கிறது. ஆனால் புது வண்டி விற்காத கம்பெனிக்கு ஊருக்கு ஊர் ஷெட் எப்படி இருக்கும்? பழைய வண்டி சல்லிசாக வருகிறதே, அது தள்ளுபடி அல்ல. வரப்போகிற அலைச்சலுக்கு முன்கூட்டியே கொடுக்கும் நஷ்டஈடு! அலையத் தெம்பும், தெரிந்த மெக்கானிக்கும் இருந்தால் வாங்கலாம். தப்பில்லை. இல்லாதவர் கிட்டே போகாமல் இருப்பது நல்லது.

அரசாங்கத்துக்கு ஒரு வார்த்தை

ஃபோர்டு மறுபடி கதவைத் தட்டுகிறது. மறைமலைநகரில் 3,250 கோடி ரூபாயில் இன்ஜின் தயாரிக்க 2025 அக்டோபரில் தமிழக அரசோடு ஒப்பந்தம் ஆனது. 2029-ல் உற்பத்தி தொடங்குமாம். நல்லதுதான். நாலு பேருக்கு வேலை கிடைக்கும்.

ஆனால் இனி எந்த நாட்டுக் கார் கம்பெனி வந்தாலும், நிலமும் சலுகையும் கொடுக்கும்போது ஒரு வரி சேர்த்து எழுதி வாங்க வேண்டும். 'போவதானால் போ. விற்ற கடைசி வண்டிக்குப் பத்து வருஷம் ஸ்பேர் கொடுத்துவிட்டுப் போ.' தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டியதும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். கம்பெனிக்கு அது கணக்குப் புத்தகத்தில் நஷ்டம். தவணை கட்டுகிறவனுக்கு அது ஆயுள் சேமிப்பு!

சரி, டீக்கடைப் பெரியவர் என்ன செய்தார்?

மறுநாள் காலை அவர் ஷோரூமுக்குப் போகவில்லை. நேராகத் தெரிந்த மெக்கானிக்கிடம் போனார். முன்விளக்கு, கிளட்ச் பிளேட், பம்பர் என்று மூன்று சாமான் பேரைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கினார். ஸ்பேர் கடையில் சீட்டை நீட்டினார். பையன் சொன்ன வண்டிக்கு என்ன விலை, எத்தனை நாளில் வரும்? மாப்பிள்ளை சொன்ன வண்டிக்கு என்ன விலை, எத்தனை நாளில் வரும்?

ஒன்றுக்குக் கடைக்காரர் அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டார். இன்னொன்றுக்கு, "போன் நம்பர் குடுத்துட்டுப் போங்க சார், பாக்கலாம்" என்றார்.

பெரியவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. பையனுக்குத்தான் இன்னும் கோபம் தீரவில்லை!