தோவாளைப் பூ வாடலாமா?

லவண்டர் சென்ட் பலருக்கும் தெரியும். அது ஒரு செடியின் பூவில் பிறக்கும் வாசனை. பிரான்சு நாட்டின் தென்பகுதி மலைச் சரிவுகளில் அதைப் பயிரிடுகிறார்கள். பூவை நீராவியில் வடித்து எண்ணெய் எடுக்கிறார்கள். பூ போனாலும் மணம் புட்டியில் இருந்து விலை போகிறது!

நம் குமரி மாவட்டத்தில் மணத்துக்குப் பஞ்சமா? ஆரல்வாய்மொழிக்கு அருகே இருக்கிறது தோவாளை. பொழுது விடியுமுன்பே அங்கே பூச்சந்தை கூடிவிடும். பிச்சி, மல்லிகை, கொழுந்து, அரளி எல்லாம் வந்து குவியும். ஓணம் வந்தால் கேரள வியாபாரிகள் தேடி வருவார்கள். அவ்வூர் மக்கள் கட்டும் மாணிக்க மாலைக்கு 2025-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால், பூ ஒரு நாள் பொருள். திருவிழா நாளில் விலை ஏறும். விழா முடிந்தால் இறங்கும். விலை இறங்கியது என்பதற்காகச் செடி பூக்காமல் இருக்குமா? பறிப்பவர்களுக்குக் கூலி கொடுத்தே ஆக வேண்டும். நட்டம் விவசாயிக்கு!

இதற்கு வழி உண்டு. கொழுந்தை நீராவியில் வடித்து எண்ணெய் எடுக்கலாம். மல்லிகை அந்தச் சூட்டைத் தாங்காது. அதன் வாசனையைக் கரைப்பானில் ஊறவைத்துப் பிரிக்கிறார்கள். இந்தத் தொழில் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கொங்கு நாட்டில் நடக்கிறது. மல்லிகைச் சாறு கடல் கடந்தும் போகிறது.

தோவாளைப் பக்கமும் அப்படி ஓர் ஆலை வேண்டும். விலை விழும் நாளில் அது நியாய விலைக்குப் பூ வாங்க வேண்டும்.

காலையில் பறித்த பூ மாலையில் வாடும். அது இயற்கை. பயிரிட்டவர் வாழ்வும் சேர்ந்து வாடலாமா?