ஆவேசம் சினத்தின் மறுபெயரா?

'ஆவேசம் என்றால் கடுங்கோபம். ஊக்கத்தையும் உவகையையும் அச்சொல்லால் குறிப்பது மலையாளிகள் செய்த திரிபு' என்னும் கருத்து தமிழ்நாட்டில் வேரூன்றியிருக்கிறது. அது பொருந்தாது என்பதே என் துணிபு.

முதலாவதாக, கோபமே மூலப்பொருள் என்பர். வடமொழியில் ஆவேசத்தின் மூலப்பொருள் உட்புகுதலே. பரசுராமரை வைணவப் பெரியோர் ஆவேசாவதாரம் என்றது, அவர் க்ஷத்திரியர்மீது கொண்ட சினத்தைக் கருதியன்று. ஒரு ஜீவனுள் பகவானின் சக்தி புகுந்து நின்றதைக் கருதியே. திருவாய்மொழியின் ஐந்தாம் பத்து ஆறாம் பதிகத்தில், உலகைப் படைத்தவளும் காப்பவளும் தானே என்று பேசும் மகளைக் கண்ட தாய், திருமாலே இவள்மேல் ஏறினானோ என்று மயங்குகிறாள். அங்கே பிரேமையன்றிக் கோபத்தின் நிழலும் இல்லை.

இரண்டாவதாக, மலையாளிகள் திரித்தனர் என்பர். கேரளத்தில் பொன்முடி அடிவாரத்து வித்துராவைச் சூழ்ந்த காடுகளில் வாழும் காணிக்காரர், நோயுற்றவரின் பிணி தீர்க்க இரவெல்லாம் சாற்றுப்பாட்டுப் பாடுவர். பல் வெட்டிய இரும்புக் குழலாகிய கொக்கரையை இரும்புக் கம்பியால் உரசி எழுப்பும் தாளத்தில், பூசாரியாகிய பிலாத்தி தெய்வங்களை அழைப்பார். தெய்வம் மனிதனுள் வரும் என்னும் இத்தகைய நம்பிக்கை உயிரோடிருக்கும் நாட்டில், பந்தாட்டத் திடலின் ஆரவாரத்தையும் ஆவேசம் என்றழைப்பது மூலப்பொருளின் இயல்பான விரிவேயாகும். 2024இல் வெளிவந்த மலையாளத் திரைப்படம் அப்பெயரைச் சூடியதும் அவ்வழக்கின் வழியே. நம் ஊர்க் கொடைவிழாவில் சாமியாடியைப் பார்த்து 'ஆவேசம் வந்துவிட்டது' என்று கைகூப்புகிறவர்களும் அவர் கோபங்கொண்டதாகவா சொல்கிறார்கள்? சொல்லைச் சுருக்கியவர்கள் நாமே.

மூன்றாவதாக, ஆர்வம், உற்சாகம் என்னும் சொற்கள் இருக்க இது எதற்கு என்பர். ஆர்வம் நாம் ஒன்றை நாடிச் செல்வது. ஆவேசமோ அது நம்மை ஆட்கொள்வது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை மணிக்கணக்காகத் தோடியை நாகஸ்வரத்தில் விரித்தபோது, அவரை ராகமே ஆண்டதென்று உணர்ந்த ரசிகன், அந்நிலையை வெறும் உற்சாகமென்று சொல்லி அமைதியடைவானா?

கோபமும் மனிதனுள் புகுந்து அவனை ஆளக்கூடியதே. ஆகையால் அரசியல் மேடையின் சீற்றத்தைப் பத்திரிகைகள் ஆவேசம் என்றெழுதுவதில் பிழையில்லை. ஆயினும், புகுவனவற்றுள் ஒன்றாகிய கோபத்துக்கே அச்சொல்லை உரிமையாக்கி, பக்தியையும் கலையையும் அதனினின்று விலக்குவது நியாயமன்று. அவற்றுக்கும் அதைத் தயங்காமல் வழங்குவோமாக.